எட்டு முச்சந்திகள்

குழாயக்கா காலை ஐந்து மணிக்குப் பம்ப் ஹவுஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோள் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவாள். வால்வு மூடியைக் கொக்கியால் தூக்குவாள். கம்பியின் ஒரு முனையை வால்வின் தலையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடுவாள். குழாய் முழுசாக இருந்தால் ஒன்றும் கேட்காது. எங்காவது விரிசல் விட்டிருந்தால், யாரோ தூரத்தில் மணல் சலிப்பதுபோல ஒரு சத்தம் மண்ணுக்கடியில் ஓயாமல் ஓடும். கேட்டால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. தோண்டுகிறவர்கள் பின்னால் வந்து பார்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வால்வு. அந்தப் பகுதியின் குழாய்கள் எல்லாம் அவளைவிட வயதில் மூத்தவை. அதனால் ஒரு தெரு விடாமல் தினம் ஒருமுறை காது வைத்தாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் செய்கிற வேலை இதுதான்.

குழாயக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஆபீசில் அவளும் அவளைப் போன்ற இன்னும் ஐந்து பேரும் ‘காதுகள்’. “ரெண்டாம் காதுக்கு ஜலதோஷம், இன்னிக்கு லீவு” என்று சிரிக்காமல் சொல்வார்கள். அவள் நாலாம் காது.

இப்போது அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. காது இன்னும் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது இடது முழங்கால். பதினோரு மணிக்கு வேலை முடிந்து வரும்போது அது வெல்லப் பானைபோல வீங்கியிருக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “நடக்கலாம், படி மட்டும் ஏறாதீங்க” என்றார். ஓய்வுக்கு நாலு வருஷம் இருந்தது.

முழங்காலைவிடப் பழைய வலி ஒன்றும் அவளிடம் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்தப் பகுதியில் காது வைத்தவர் வேலையை ஒப்படைத்த நாளில், மீசையைத் தடவிக்கொண்டு, “நான் ஒரு தெருவ ரெண்டாம் தடவ மிதிச்சதே கிடையாது. எல்லாம் மூளைதாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளும் முயன்றுதான் பார்த்தாள். ஒருநாள் ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் ஆரம்பிப்பாள், ஒருநாள் பள்ளிக்கூடப் பக்கம். ஒருநாள் எல்லா முனையிலும் இடதுபக்கமே திரும்புவாள். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் எங்காவது ஒரு தெரு பாக்கி நிற்கும். அதைப் போய்ப் பிடிக்க, ஏற்கெனவே கேட்டு முடித்த தெரு வழியாகச் சும்மா நடக்க வேண்டியிருக்கும். தனக்கு அவ்வளவுதான் மூளை என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே தவிர, மறக்கவில்லை.

போன வருஷம் காதுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மெஷின் வந்தது. செல்போன் அளவுதான். இடுப்பில் செருகிக்கொண்டால் எத்தனை தூரம் நடந்தோம் என்று அதுவே எழுதிக்கொள்ளும். அதில் ‘வீண் நடை’ என்று ஒரு கட்டம். அவளுக்கு அந்தக் கட்டம் தினமும் சிவப்பாக இருந்தது.

சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், கெட்டவர் இல்லை. ஆறு காதுகளுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடுகிறவர்.

“உங்க பகுதியில மொத்தம் ஏழு புள்ளி ரெண்டு கிலோமீட்டர் தெரு இருக்கும்மா. நீங்க ஒம்பது புள்ளி ஒண்ணு நடக்கறீங்க. மீதி ரெண்டு கிலோமீட்டர் எங்க போறீங்க?”

“எங்கயும் போகல சார். அங்கயேதான் சுத்தறேன்.”

“மெஷினும் அதத்தான் சொல்லுது.”

அவள் வலது காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டாள்.

“முட்டுச்சந்துக்குக்கூட ரெட்டிப்பா போட்டுக் குடுத்தாச்சு. ‘உள்ள போனா திரும்பி வரணுமே, அங்கயே குடியிருக்கவா’ன்னு நீங்கதானே சண்டைக்கு வந்தீங்க? அதுக்கு மேல பத்து சதவீதம் வரைக்கும் மெஷின் மன்னிச்சு விடுது. நீங்க அதையும் தாண்டிடறீங்க. மேலிடத்துல கணக்குப் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசமும் சிவப்பு. இந்த மாசமும் ஆச்சுன்னா என் கையில இல்லம்மா. மேட்டுப் பகுதிக்கு மாத்திடுவாங்க.”

மேட்டுப் பகுதியில் தெரு என்று பேர்தான். எல்லாம் படிக்கட்டு. அங்கே போவதும் ராஜினாமா எழுதிக் கொடுப்பதும் அவள் முழங்காலுக்கு ஒன்றே. மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ஒரு தெருவ ரெண்டு தடவ மிதிக்காம முடிச்சாராமே” என்றார் சூப்பர்வைசர், யோசனை சொல்வதுபோல.

“ஆமா சார். அவருக்கு மூளை.”

வீட்டில் அவளும் அவள் நாத்தனாரும்தான். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாத்தனார் கல்யாணமே வேண்டாமென்று அண்ணன் வீட்டில் தங்கிவிட்டவள். ஐம்பதை நெருங்கியும் எல்லாருக்கும் பாப்பா. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ரவிக்கைக் கையிலும் முதுகிலும் நூல்வேலை செய்து கொடுப்பாள். வேலை சுத்தமாக இருக்கும், வாய் அப்படி இருக்காது.

அன்று சாயங்காலம் குழாயக்கா காலைச் சுவரோரம் நீட்டிக்கொண்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தன் பகுதியை வரைந்துகொண்டிருந்தாள். தெருவுக்கு ஒரு கோடு, தெருக்கள் கூடும் இடத்துக்கு ஒரு புள்ளி. பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் எல்லாக் கோட்டின் மேலும் ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும். நாலாவது தாளும் வீணாகிவிட்டது.

“மறுபடியும் அந்த மீசைக்காரரோட போட்டியா அண்ணி? செத்தும் உன்னை விடமாட்டேங்கறாரே.”

“எட்டு நாள்ல வழி கண்டுபிடிக்கலைன்னா படியேறணும் பாப்பா.”

பாப்பா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு வந்தாள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.

“இது ஓடாது.”

“எது ஓடாது?”

“ஒரே நூல்ல ஓடாது. இது என்ன, பாக்கிற இடமெல்லாம் முச்சந்தியா கிடக்கு.”

“முச்சந்தி இருந்தா என்ன?”

பாப்பா கீழே உட்கார்ந்தாள். நூல் அறுக்காமல் தைப்பதில்தான் அவள் பிழைப்பே இருந்தது. அறுத்தால் முடிச்சு விழும், முடிச்சு விழுந்தால் வாடிக்கைக்காரி விரலால் தடவிப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள். அதனால் ஒரு பூவைத் துணியில் வரைந்ததும் அவள் கண் முதலில் எண்ணுவது, எத்தனை இதழ் என்றல்ல, எந்தப் புள்ளியில் எத்தனை கோடு சேர்கிறது என்றுதான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பல துணிகளைப் பாழாக்கித் தானே தெரிந்துகொண்டது.

“ஊசி ஒரு கோட்டு வழியா ஒரு புள்ளிக்கு வருது. வந்துட்டா அப்புறம்?”

“போகணும்.”

“ஒரு வரவு, ஒரு போக்கு. ரெண்டு கோடு தீர்ந்துது. நாலு கோடு இருந்தா ரெண்டு தடவ வரலாம், ரெண்டு தடவ போகலாம். தொந்தரவே இல்ல. ஆறு இருந்தாலும் அப்படித்தான். மூணு இருந்தா?”

குழாயக்கா ஒரு முச்சந்தியின் மேல் விரலை வைத்தாள். “வர்றேன். போறேன். அப்புறம் மூணாவது வழியா திரும்ப வர்றேன்.”

“வந்துட்டே. இப்ப எந்த வழியா போவே?”

விரல் அங்கேயே நின்றது. மூன்று கோடும் தீர்ந்துபோயிருந்தது.

“ஏற்கெனவே நடந்த ஒண்ணுலதான் போகணும்” என்றாள் மெதுவாக.

“இல்லன்னா நூலை அறுக்கணும். உன்னால அறுக்க முடியுமா? பறந்தா போகப்போறே, இந்தக் காலை வச்சிக்கிட்டு?”

குழாயக்கா விரலை எடுக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்த முனையில் வந்து நின்று, இடதா வலதா என்று யோசித்த இடம் அது.

“அப்ப இதுவும் முட்டுச்சந்துதான் பாப்பா.”

“என்னது?”

“முட்டுச்சந்துக்கு ஒரு வாய். உள்ள போனா, போன வழியிலதான் திரும்பணும். அது எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியுது, ஆபீஸ்லகூட ஒத்துக்கிட்டாங்க. இதுக்கு மூணு வாய். ரெண்டு வாய் ஜோடியா போயிடுது. மிச்சம் ஒண்ணு தனியா நிக்குது, முட்டுச்சந்து மாதிரி.”

“இது எனக்குத் தோணலையே” என்றாள் பாப்பா. அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வருவது அபூர்வம். உடனே சுதாரித்துக்கொண்டாள். “ஆரம்பிக்கிற இடமும் முடிக்கிற இடமும் வேற வேறயா இருந்தா ரெண்டு முச்சந்தியச் சமாளிக்கலாம். ஒண்ணுல கிளம்பி இன்னொண்ணுல போய் நின்னுடலாம். நான் பல தடவ பண்ணியிருக்கேன்.”

“மெஷினைத் திரும்பப் பம்ப் ஹவுஸ்ல வச்சாத்தான் கையெழுத்து.”

“அப்ப ஒரு முச்சந்திகூட இருக்கக் கூடாது. எத்தனை இருக்கு, எண்ணு.”

முட்டுச்சந்துகளுக்குத்தான் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கோடு ஏற்கெனவே போட்டாயிற்று. அவற்றை விட்டுவிட்டு, தெருக்கள் கூடும் இருபத்தோரு இடங்களையும் குழாயக்கா எண்ணினாள். முச்சந்தி தவிர மற்றதெல்லாம் நாலு வாய் உள்ளவை. முச்சந்தி ஒன்பது.

“ஒம்பது வராது. தப்பா எண்ணியிருக்கே” என்றாள் பாப்பா.

“பத்தொம்பது வருஷமா நடக்கறவ நான். நீ அந்தப் பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கியா?”

“பாத்ததில்ல. ஆனா ஒம்பது வராது. ஒரு தெருவுக்கு ரெண்டு முனை. எந்தத் தெருவுக்காவது ஒண்ணரை முனை உண்டா? எல்லாத் தெருவோட முனையையும் கூட்டினா ரெட்டைப்படைதான் வந்தாகணும். ஒத்தையா நிக்கிறது ஒம்பது இருந்தா கூட்டுத்தொகை ஒத்தையாயிடும். எட்டோ பத்தோ சொல்லு, நம்பறேன். எங்கயோ ஒரு முனையை முழுங்கிட்டே அண்ணி.”

குழாயக்காவுக்குக் கோபம்தான் வந்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு படுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் அந்தத் தாளைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு முனையிலும் நின்று வாய்களை எண்ணினாள். ஏழு மணி வாக்கில் ஐஸ் ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டி வந்து, டிரான்ஸ்ஃபார்மர் கம்பி வேலிக்கும் சுவருக்கும் நடுவில் வழக்கம்போல உடம்பை ஒருக்களித்து, கம்பியைச் செங்குத்தாகத் தூக்கி நுழைந்து வெளியே வந்தாள். வந்த இடத்தில் நின்றாள். எதிரே லாண்டரி. லாண்டரி முனையைத் தாளில் முச்சந்தி என்று வரைந்திருந்தாள். அந்த முனைக்கு இப்போது தான் எந்த வழியாக வந்தோம் என்று பார்த்தாள். தாளில் அந்தக் கோடு டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்து, எதிலும் ஒட்டாமல் அப்படியே நின்றிருந்தது. ஆள் ஒருக்களித்து நுழையும் அந்த இடைவெளியை ஒரு தெருவின் வாய் என்று அவள் என்றுமே நினைத்ததில்லை. உடம்பு தானாகத் திரும்பும், கை தானாகக் கம்பியைத் தூக்கும், அடுத்த தெரு வந்துவிடும். தினம் நடக்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வெளியாள் யாராவது வரைந்திருந்தால் சரியாக வரைந்திருப்பான்.

லாண்டரி முனைக்கு நாலு வாய். முச்சந்தி எட்டு.

லாண்டரிக்காரர் துணி மூட்டையை இறக்கியபடி, “என்ன குழாயக்கா, வழி தெரியலையா?” என்று கேட்டார்.

“இப்பத்தான் தெரிஞ்சுது” என்றாள்.

அடுத்த வால்வில் கம்பியை ஊன்றினாள். காது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்க, மனசு வேறெங்கோ போயிற்று. எட்டு முச்சந்தி இருக்கிற இடத்தில் ஒரு தெருவையும் இரண்டாம் தடவை மிதிக்காமல் எல்லாத் தெருவையும் யாராலும் முடிக்க முடியாது. மீசை இருந்தாலும் முடியாது. அப்படியானால் அவர் சில தெருக்களுக்குப் போகவே இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் ஒரு கசிவைப் பிடித்தாள். பல மாதமாக ஓடி, சுவர் ஒன்றின் அடிமண்ணையே தின்றிருந்தது. ‘என்ன காது, என்ன காது’ என்று அன்றைக்கு எல்லாரும் மெச்சினார்கள். காதில் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவுக்கு அதற்கு முன் யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான். ஆத்திரம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிவந்த ஒரு சுமையை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்டபின் தோள் வலிக்குமே, அப்படி ஒரு அலுப்புதான் வந்தது.

அன்று சாயங்காலம் பாப்பாவிடம், “எட்டு” என்று மட்டும் சொன்னாள். பாப்பாவும் பெருந்தன்மையாக நகர்ந்து இடம் விட்டாள்.

எட்டு முச்சந்தியையும் இரண்டிரண்டாக ஜோடி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவிலிருக்கிற தெருவில் இன்னொரு தடவை நடந்தால், இரண்டு முனையிலும் ஒரு வாய் கூடி, மூன்று நாலாகிவிடும். நூல்வேலையில் தைத்த கோட்டின் மேலேயே திரும்பத் தைப்பது இதற்காகத்தான். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் சாமர்த்தியம், திரும்ப நடக்கிற தூரம் குறைவாக இருக்க வேண்டும். இருவரும் சேர்த்துச் சேர்த்துக் கலைத்தார்கள். “ஜாதகம் பாக்கிற மாதிரியில்ல இருக்கு” என்றாள் பாப்பா. கடைசியில் நின்றது நாலு தெரு: நூற்றெண்பது மீட்டர், இருநூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, முந்நூற்று எழுபது. மொத்தம் ஆயிரத்து நூறு. ஏழு புள்ளி இரண்டோடு சேர்த்தால் எட்டு புள்ளி மூன்று கிலோமீட்டர். அதற்குக் குறைவாக யாராலும் முடியாது.

“நீ நடக்கறது ஒம்பது புள்ளி ஒண்ணு” என்றாள் பாப்பா.

“ஆமா. எண்ணூறு மீட்டர் என் தப்புதான்.”

“தினம் எண்ணூறு. வருஷத்துக்கு முந்நூறு நாள். பத்தொம்பது வருஷம்...” பாப்பா பென்சிலை எடுத்தாள்.

“பெருக்காத பாப்பா. வேணாம்.”

பாப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் குழாயக்கா தாளோடு சூப்பர்வைசரிடம் போனாள். ஒரே தடவையில் முடிக்கவே முடியாது என்று அவள் சொன்னதும் அவர் சிரித்தார். எல்லாரையும்போல அவரும் பென்சிலை எடுத்தார். ஒரு தாள், இரண்டு தாள். மூன்றாவது தாளில் அவருக்கு வேர்த்துவிட்டது. “இதோ, இந்த ஒண்ணுதான் பாக்கி” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

“முட்டுச்சந்துல உள்ள போனா திரும்பி வரணும்னு ஒத்துக்கிட்டீங்க இல்ல சார்? ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“ஒரு வாய்தானே இருக்கு.”

“இதுல மூணு. ஒண்ணுல வாங்க, ஒண்ணுல போங்க. திரும்ப மூணாவதுல வாங்க. இப்பப் போங்க.”

அவர் பென்சிலை முச்சந்தியில் வைத்தார். வந்தார், போனார், வந்தார். பென்சில் நின்றது. பிறகு அடுத்த முச்சந்தி, அதற்கடுத்தது. ஐந்தாவதில் பென்சிலைப் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அப்ப பழைய ஆளு?”

“சில தெருவுக்குப் போயிருக்க மாட்டாரு சார்.”

“நான் வேற எல்லார்கிட்டயும் அவரைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார். கம்ப்யூட்டரைத் திறந்து தேடினார். “எனக்குப் புரிஞ்சுதும்மா. மெஷினுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? இந்தத் தெருவுல ரெண்டு தடவ நடக்கணும்னு சொல்றதுக்கு இதுல இடமே இல்ல. மேலிடத்துக்கு எழுதினா பதில் வர ஆறு மாசம் ஆகும்.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தெருவின் பேருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. முட்டுச்சந்துக்கு எதிரே மட்டும் டிக் போட்டிருந்தது.

“அந்த டிக் போட்டா என்ன ஆகும் சார்?”

“தூரத்த ரெட்டிப்பா எடுத்துக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா அது முட்டுச்சந்துக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். “பொய்யாச்சேம்மா. ஐஸ் ஃபேக்டரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல இருக்கிற தெருவ முட்டுச்சந்துன்னு எழுதினா, பாக்கறவன் சிரிக்க மாட்டான்?”

“தூரம் நிஜந்தானே சார்.”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். நாலு தெருவுக்கும் ஒவ்வொன்றாக டிக் போட்டார். ஒவ்வொன்றுக்கும் மெஷின் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. நாலாவதுக்கு அவர் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு அதையும் அழுத்தினார். அனுமதித்த தூரம் எட்டு புள்ளி மூன்று ஆயிற்று. அதற்கு மேல் பத்து சதவீதம் மன்னிப்பு. ஒன்பது புள்ளி ஒன்றும் அதற்கு முப்பது மீட்டர் கீழேதான் நின்றது. மாதம் முழுவதும் இருந்த சிவப்பு ஒவ்வொரு நாளாக, அவசரமில்லாமல், பச்சையாக மாறியது.

“மேட்டுப் பகுதி இல்லம்மா” என்றார்.

“நாளையிலிருந்து எண்ணூறு மீட்டர் குறைச்சுக்கறேன் சார். வழி எழுதி வச்சிருக்கேன்.”

அவள் எழுந்திருக்கப் போனாள். சூப்பர்வைசர் அலமாரியைத் திறந்து ஐந்து வரைபடங்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இவங்களும் சிவப்புதாம்மா. நீங்க மட்டும் இல்ல.”

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசியில் இருந்தது மேட்டுப் பகுதி. படிக்கட்டுகளைப் படிக்கட்டாகவே வரைந்திருந்தார்கள். ஆறாம் காது, எப்போதும் தலையில் துண்டு கட்டிய, யாரோடும் பேசாத மனிதர், அங்கேதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

“இவருக்கு எத்தனாவது மாசம்?”

“மூணாவது.”

“இவரை எங்க மாத்துவீங்க?”

“மேட்டுக்கு மேல இடம் ஏதும்மா” என்றார் அவர். “வீட்டுக்குத்தான்.”

குழாயக்காவுக்குப் பசித்தது. வீட்டுக்குப் போய்க் காலுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும் என்றிருந்தது. இந்தத் தெருக்களில் அவள் ஒருநாளும் நடந்ததில்லை. அதனால் தப்பாக எண்ண வாய்ப்புக் குறைவு என்று நினைத்துக்கொண்டாள். முக்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது காலை நீட்டி, விரலை முதல் முனையில் வைத்து வாய்களை எண்ண ஆரம்பித்தாள்.